ஓசிச் சென்னையும் ஊர் கட்டிய ஆஸ்பத்திரியும்

நான் சென்னைக்குப் போவது உட்கார்ந்து வேலை பார்க்க. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மாமியாரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் காலை வண்டிக்கு நிற்கும் பெண்கள் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஏதாவது நல்ல பொய்யாகச் சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் நம்பியிருப்பார்கள். உண்மையைச் சொன்னதால்தான் இவ்வளவு வம்பும் வந்தது.

என் வேலை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இணையத்தில் துணி விற்கும் ஒரு கம்பெனி. வாங்கியவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை, தட்டினால் போதும். சட்டை பெரிதாக இருக்கிறது, பாவாடை சாயம் போகிறது, பார்சல் வரவில்லை, வந்த பார்சலை நாய் கடித்துவிட்டது. எல்லாவற்றுக்கும் நான் மன்னிப்புக் கேட்பேன். காலையிலிருந்து மத்தியானம் தாண்டும்வரை திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அது அணைந்தால், எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாத ஒரு மேற்பார்வைக்காரி உடனே ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்டு எழுதுவாள். இந்தியாவில் அவர்களுக்கு ஆபீஸ் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்யலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அந்த ‘எங்கே வேண்டுமானாலும்’ என்பதில் எங்கள் வீடு சேராது என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி ஆலையில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு முடிந்து வந்தால் பகலெல்லாம் அறையில் தூங்க வேண்டும். மீதி இருப்பது ஹால். ஹாலில் என் மாமியார். மாமனார் போன பிறகு நிலம் முழுவதையும் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர். ஆகையால் உரத்துக்கு, தண்ணீருக்கு, அறுப்பு மிஷினுக்கு என்று வருகிற போகிற எல்லோரும் அந்த ஹாலுக்குத்தான் வருவார்கள். கரண்ட் சொல்லாமல் போகும். செல்போன் ஆந்திரா பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் பேச ஆரம்பிக்கும். நடுவில் மாமியார், “சும்மாதான ஊட்ல கீற, மாடில காயிற நெல்லக் கொஞ்சம் கிளறி உட்டுட்டு வாயேன்” என்பார். நான் நெல்லைக் கிளறிவிட்டு வருவதற்குள் பச்சைப் புள்ளி அணைந்திருக்கும். எந்த நாட்டிலோ ஒருத்தி பெரிய சட்டையோடு காத்திருப்பாள்.

நான் பிறந்து வளர்ந்தது திருநின்றவூர். அங்கே காலையில் பாதி ஊர் ரயிலேறிச் சென்னைக்குப் போய்விடும். யாரும் யாரையும் ஏன் போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. ஒரு சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு சென்னை எனக்கு ஓசி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நூலகத்துக்குள் போகக் காசு கிடையாது. கடற்கரைக்கு எந்தக் காலத்திலும் கேட் போட்டதில்லை. சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில். இவ்வளவு பெரிய நகரத்தை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் காபிக்கடையில் டப்பு கொட்டி உட்கார்ந்து லேப்டாப் தட்டுகிறானே என்று அப்போது நான் பரிதாபப்பட்டேன்.

முதல் எரிச்சல் ரயிலிலேயே ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டிவரை வண்டிகள் வரிசையாக வரும். அதைத் தாண்டி எங்கள் ஊருக்கு வருவதென்றால் அதற்கு மனசு வர வேண்டும். ஒன்றை விட்டால் ஷேர் ஆட்டோவில் ஆட்டுக்குட்டியோடும் சிமெண்ட் மூட்டையோடும் கும்மிடிப்பூண்டி போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்த வண்டி கொருக்குப்பேட்டைவரை ஒழுங்காக ஓடிவிட்டு, சென்னை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சிக்னலுக்காக நிற்கும். நின்றால் நின்றதுதான். எனக்கு வேலை ஆரம்பிக்கிற நேரமாகிவிடும். மடியில் லேப்டாப்பை விரித்துவைத்துப் பக்கத்துப் பெண்ணின் பூக்கூடை இடிக்க இடிக்க மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவேன்.

கோட்டூர்புரம் பக்கம் இருக்கிற பெரிய அரசு நூலகத்தைத்தான் நான் ஆபீஸ் ஆக்கிக்கொண்டேன். கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஏசி, தண்ணீர், சுத்தமான கழிப்பறை. ஒரு பெண் சென்னையை ஓசியில் அனுபவிக்க வேண்டும் என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கழிப்பறைகள் எங்கே என்பதைத்தான். அதை யாரும் எழுதிவைப்பதில்லை. இந்த நூலகத்திலும் ஒரு குறை உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கதவு திறக்கும் முன்பே வந்து நின்று, பிளக் பாயிண்ட் இருக்கிற நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர் பாட்டிலை உட்காரவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பாட்டிலை எழுப்ப எனக்கு என்ன உரிமை? சார்ஜ் தீரத் தீர, நான் அந்தப் பாட்டில்களை முறைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பேன்.

வேலை முடிந்தபின் மிச்ச நாள் என்னுடையது. அதற்காகத்தான் இவ்வளவு பாடும். டிசம்பரில் சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது என்று கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏசிக்காகப் போய் உட்கார்ந்தவள் மெதுவாகப் பாட்டையும் கேட்க ஆரம்பித்தேன். பக்கத்து நாற்காலி மாமி என் தொடையில் நான் போட்ட தப்புத் தாளத்தைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “யார்கிட்ட கத்துக்கறேள்?” என்று கேட்டார். தியாகராய நகர் பட்டுக்கடையில் மெத்தென்ற சோபாவும் குளிர்ந்த தண்ணீரும் உண்டு. ஆனால் உட்கார்ந்தவுடன் “கல்யாணம் யாருக்கும்மா?” என்று ஒருவர் வந்துவிடுவார். இல்லாத நாத்தனாருக்கு ஒரு முகூர்த்தத்தைச் சொல்லித் தொலைத்தேன். அந்த மனிதர் ஓர் அலமாரியையே என் முன்னால் பிரித்துப் போட்டார். நாத்தனாரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஓடிவந்தவள்தான், அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மாலில் இன்னும் மோசம். ஓர் ஆண்பிள்ளை அந்தப் பெஞ்சில் படுத்தே தூங்குவான், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் செக்யூரிட்டி வந்து, “யாருக்கு வெயிட் பண்றீங்க மேடம்?” என்பார். யாருக்கும் இல்லை என்றால் அவருக்கு என்னைப் பற்றிக் கவலை வந்துவிடும். அடுத்த முறை வீட்டுக்காரருக்கு என்றேன். மகிழ்ச்சியாகப் போய்விட்டார். பூங்காவிலும் இதே கேள்வி, கடற்கரையிலும் இதே கேள்வி. தனியாக ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவள் யாருக்காவது காத்திருக்க வேண்டும் என்று இந்த நகரத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

இருந்தும் எனக்கு அந்த நாட்கள் வேண்டும். இவ்வளவு புலம்புகிறவள் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், தெரியும். காலை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொன்னேரி தாண்டும்போது என் தோள் தானாக இறங்கும். அந்த ஒரு விஷயத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் நான் எரிச்சல்களையெல்லாம் விழுங்கிக்கொண்டு போய்வந்தேன்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு மாற்றம். நான் போக ஆரம்பித்த புதிதில் மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். “ஊட்ல கீற வேலைய செய்ய எவளாச்சும் மெட்ராசுக்குப் போய்க்கினு வருவாளா?” என்று எனக்குக் கேட்கிற மாதிரி மாட்டிடம் சொன்னார். பிறகு ஒரு வாரத்தில் என்ன ஆனதோ, பேச்சே மாறிவிட்டது. நான் எழுந்திருக்கும்போது அடுப்பில் நாஷ்டா தயாராக இருந்தது. பாத்திரத்தைத் தொட விடவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனால் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். “நீ அலைஞ்சிட்டு வர்ற. ஒடம்ப பாத்துக்கோ” என்றார். பப்பாளி வெட்டினால் எனக்கு மட்டும் தரவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வந்தவுடன் நெற்றியில் விபூதி.

நான் ஒரு முட்டாள். சம்பாதிக்கிற மருமகளுக்குக் கடைசியில் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மரியாதையில் கொஞ்சம் மிதந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பக்கத்து வீட்டு அக்காதான் அதை உடைத்தார். அவர் மகளைத் திருநின்றவூரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது, என் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு சாயங்காலம் நான் ரயிலை விட்டு இறங்கி வருகிற வழியில் அக்கா என்னை வேலியோரம் நிறுத்தி, குரலை இறக்கி, “உன் டாக்டரம்மா எந்த ஆசுபத்திரிமா? எம் பொண்ணையும் ஒரு தபா இட்டுகினு போயேன். அதுக்கும் மூணு வருசமாப்போவுது, ஒண்ணியும் காணோம்” என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. பப்பாளி, விபூதி, தண்ணீர்க் குடம், எல்லாம்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. முன்பு கொஞ்ச காலம் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். ஊசி, மாத்திரை, ஸ்கேன், வெறும் வயிற்றோடு வரிசை. ஒரு கட்டத்தில் நானும் அவரும் உட்கார்ந்து பேசி, போதும் என்று விட்டுவிட்டோம். விட்ட பிறகு எங்களுக்குள் ஒரு நிம்மதிதான் வந்தது. அதை மாமியாரிடம் அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார். இப்போது மருமகள் தினம் கையில் பையோடு, டப்பாவில் சாப்பாட்டோடு, சென்னைக்குப் போகிறாள், ஆபீஸ் எங்கே என்றால் ஆபீஸ் இல்லை என்கிறாள். ஊர் கூடி யோசித்து, எனக்கு ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டிக் கொடுத்துவிட்டது.

“அக்கா, நான் டாக்டர்கிட்ட போகல. லைப்ரரில உக்காந்து கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன்” என்றேன்.

“சரிம்மா. சொல்ல இஸ்டம் இல்லன்னா உடு. ஒரு நல்லது நாலு பேருக்குப் போவட்டுமேன்னு கேட்டேன். நீ நல்லா இரு” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து என்னோடு பேச்சில்லை. நல்ல டாக்டரை மறைத்துவைத்துக்கொள்கிறவள் என்று எனக்கு ஒரு பேர் ஸ்டேஷன்வரை போய்விட்டது. இதைவிட என்னைத் திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டு, “அம்மா சந்தோசமா கீறாங்க இல்ல, உடேன். உனக்கும் வேலை மிச்சம்” என்றார். ஷிப்டில் உலைக்குப் பக்கத்தில் நின்று நின்று இவருக்கு எதுவும் சுடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கும் ஒரு சபலம் இருந்தது. மாமியாருக்கு உண்மை தெரிந்தால் நாளைக்கே மாடியில் நெல் கிளற வேண்டும், ரயில் போய்விடும். தெரியாமல் இருந்தால் ரயில் இருக்கும், அவர் ஆசை தினமும் கொஞ்சம் வளரும். இரண்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிறு, எனக்கு லீவு. பழவேற்காட்டிலிருந்து வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினார். நல்ல இறால், நண்டு. என் மாமியாருக்கு நண்டு என்றால் உயிர். அன்று கூடையை எட்டிக்கூடப் பார்க்காமல், “எனக்கு வேணாம்மா, புள்ளைங்களுக்கு மட்டும் குடு” என்றார். மீன்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, “உனக்காவத்தான். நல்ல சேதி வர்ற வரைக்கும் கவிச்சியே தொடறதில்லன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினு கீறாங்க” என்றார். அன்று மதியம் நானும் வீட்டுக்காரரும் நண்டு உடைத்துச் சாப்பிட, அவர் எதிரே உட்கார்ந்து ரசமும் சாதமும் சாப்பிட்டார். நான் நண்டைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தேன்.

“அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போகல” என்றேன்.

“வெளிய சொல்லக் கூடாதுதாம்மா. கண்ணு பட்டுடும். நான் யாரையாச்சும் கேட்டேனா?” என்றார்.

“நெஜமா இல்ல அத்தை.”

“சரி, இல்ல. சாப்புடு.”

இதற்கு மேல் என்ன செய்வது? உண்மையைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. நாளைக்கு என்னோடு வந்து நீங்களே பாருங்கள் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தவுடன் தப்புச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. டாக்டரைப் பார்க்க அழைத்துப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

காலையில் கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் நின்றார். கையில் ஒரு கட்டைப் பை. அதில் புது அரிசி, முருங்கைக்காய், வைக்கோலில் சுற்றிய நாட்டுக்கோழி முட்டை. டாக்டரம்மாவுக்கு. முட்டையோடு காலை வண்டியில் ஏறுவது எப்படியிருக்கும் என்று அந்த வண்டியில் வந்தவர்களுக்குத்தான் தெரியும். எண்ணூர்வரை நான் பையையும் மாமியாரையும் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று கண்டக்டர் சொன்னபோது, “ஆசுபத்திரிக்குப் போறவங்களுக்கு உட்டுட்டாங்களா?” என்று கேட்டார். எல்லாப் பெண்களுக்கும்தான் என்றேன். அவர் பஸ்ஸில் இருந்த பெண்களையெல்லாம் ஒருமுறை பாவமாகப் பார்த்தார்.

நூலகத்துக்கு வந்தவுடன் என் கதை முடிந்தது. கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை, ஏசி, சத்தமில்லாமல் வரிசையில் நிற்கிற ஜனம், பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருகிற கவுண்டர். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இவையெல்லாம் இல்லை? முட்டையை உள்ளே விட மாட்டோம் என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். “டாக்டருக்குங்க” என்று மாமியார் சொல்ல, அவர் என்னைப் பார்த்தார். நான் டோக்கனை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

அன்று அதிசயமாகப் பாட்டில் இல்லாத நாற்காலிகள் இரண்டு கிடைத்தன. நான் வேலையை ஆரம்பித்தேன். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துப் படிக்கிற பையன்களையும் பெண்களையும் நோட்டம் விட்டார்.

“இவங்களுக்கெல்லாம் இன்னா வியாதி?” என்று என் காதில் கேட்டார்.

“பரீட்சை.”

பிறகு என் திரையைப் பார்த்தார். எழுத்து ஓட ஓட, யார் இது, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சட்டை பெரிதாக இருக்கிறதாம் என்றேன்.

“நீயா தச்ச?”

“இல்ல.”

“அப்பொறம் ஏன் நீ மன்னிப்பு கேக்குற?”

“அதுதான் அத்தை வேலை.”

மதியச் சாப்பாட்டுவரை நான் மன்னிப்புக் கேட்பதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை பச்சைப் புள்ளியைக் காட்டி இது என்ன என்றார். நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு அடையாளம் என்றேன். வெளியே மரத்தடியில் டப்பாவைத் திறந்தபோது, அவர் கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார்.

“டாக்டரு எப்பத்தான் வருவாங்க?”

“டாக்டர் இல்ல அத்தை. நான் தினம் வர்றது இங்கதான். இந்த நாற்காலிக்குத்தான். அந்த வைத்தியத்த எல்லாம் நாங்க எப்பவோ நிறுத்திட்டோம். இனிமே போறதா இல்ல.”

கையில் எடுத்த சோற்றைத் திரும்ப டப்பாவில் வைத்தார்.

“அவனுக்குத் தெரியுமா?”

“ரெண்டு பேரும் சேந்துதான் நிறுத்தினோம்.”

எழுந்து போய்க் குழாயில் முகத்தைக் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். எனக்கு அவர் மேல் இரக்கமும், என் மேல் ஆத்திரமும், அந்த ஊர் முழுவதன் மேலும் கொலைவெறியும் வந்தது. நான் சொன்ன உண்மையை முதல் நாளே ஒருத்தராவது நம்பியிருந்தால் இவர் இப்படிக் குழாயடியில் நின்றிருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து, “போயி உன் வேலையப் பாரு. பச்சை பூடப்போவுது” என்றார். நான் உள்ளே போய் மீதி மன்னிப்புகளைக் கேட்டு முடித்தேன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாமா என்றேன். அவர், “இங்க பீச்சு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். மெரினாவுக்கு அழைத்துப்போனேன். கட்டைப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கெல்லாம் நாள்பூராவும் மன்னிப்பு எழுதியவளுக்கு அப்போது ஒன்றும் வரவில்லை. அவரே பேசினார்.

“மெட்ராசுக்கு நான் எத்தினியோ தபா வந்துகீறேன். எனக்கு வயித்துல கட்டின்னு வந்தேன். உங்க மாமாவ கடைசியா இட்டாந்து போட்டுக்கினு இந்தப் பெரியாசுபத்திரி வராண்டாவுலயே கெடந்தேன். இங்கேர்ந்து இவ்ளோ கிட்டக்க கீது இந்தக் கடலு. எவனும் சொல்லல. எனக்கும் கேக்கத் தோணல. ஆசுபத்திரி இல்லாத மெட்ராச இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

பக்கத்தில் சுண்டல் விற்கிறவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, “யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களாம்மா?” என்றார். மாமியார் திரும்பி, “உனுக்கு இன்னாய்யா? சும்மா குந்திக்கினு கீறோம். போவியா” என்றார். இத்தனை மாதமாக எனக்கு வராத பதில் அது.

திரும்புகிற ரயிலில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அவர் முட்டையைப் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். நான் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நாளையிலிருந்து வீடு, ஹால், நெல். சீசன் டிக்கெட்டில் இன்னும் பாதி மாதம் மிச்சம் இருந்தது.

“ஊர்ல எவகிட்டயும் இதச் சொல்லாத” என்றார்.

“எத அத்தை?”

“நிறுத்திட்டீங்கன்னு. வைத்தியத்துக்குத்தான் போறன்னே இருக்கட்டும். அவங்களா நெனச்சிக்கினாங்க, அப்படியே நெனச்சிக்கினு போவட்டும்.”

“பொய் எதுக்கு அத்தை?”

“நீ மெய்யத்தான சொன்ன? எவ நம்புனா? நானே நம்பல.” ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஆசுபத்திரின்னாத்தான் நம்மள வாசப்படி தாண்ட உடுவாங்க. உனக்கு இன்னும் கொஞ்ச வருசம் அந்தச் சாக்கு ஓடும். வச்சிக்கோ.”

எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாக எரிச்சல் வந்தது. உழைத்துச் சம்பாதிக்கிற வேலைக்கு நோயைச் சாக்குச் சொல்ல வேண்டுமா என்று சண்டை போட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்.

“வாரத்துல ஒரு நாளு நானும் வரேன். டாக்டரு மாமியாரையும் இட்டாரச் சொல்றாங்கன்னு சொல்லிக்கலாமா?”

அது ஒத்துவராது, எந்த டாக்டரும் மாமியாரை வாராவாரம் கேட்க மாட்டார், அவருக்கென்று தனியாக ஒரு நோய் வேண்டும் என்றேன். சொன்ன பிறகுதான் நானும் அந்தப் பேரத்தில் உட்கார்ந்துவிட்டது எனக்கே உறைத்தது. சும்மா ஒரு நாள் ரயிலேறிப் போய் உட்கார்ந்துவிட்டு வர எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நோய் தேவைப்படுகிறது. அவர் முட்டிவலி என்கிறார். முட்டிவலிக்குக் கும்மிடிப்பூண்டியிலேயே டாக்டர் இருக்கிறாரே என்று ஊர் சொல்லிவிடும். நான் கண் என்கிறேன். கண் என்றால் அடிக்கடி வரச் சொல்வார்கள்.